யோகலட்சுமிக்குக் கிடைத்த சீட்

செய்தியை அம்மாதான் கொண்டுவந்தாள். நாங்கள் இருவரும் ஒரே ஷூ கம்பெனியில் வேலை செய்கிறோம். அம்மா கீழே ஷூவின் மேல்பகுதியான அப்பர் தைக்கும் லைனில், நான் மாடி அலுவலகத்தில். வேலை நேரத்தில் லைனை விட்டு யாரும் எழுந்து வர முடியாது. அன்று காலை பதினோரு மணிக்கு அம்மா மாடிப்படி ஏறி வந்து என் மேசைக்கு அருகில் நின்றாள்.

"அமுதாவைக் கூப்ட்டு கார் வெச்சு வேலூருக்கு அனுப்பிட்டாங்க. யோகா போய்ட்டாடி."

அமுதா அத்தை யோகலட்சுமியின் அம்மா. என் அம்மாவுக்குப் பக்கத்து மிஷின். யோகாவுக்கு ஐந்து நாளாக டெங்குக் காய்ச்சல். தேறிவிட்டாள் என்று முதல் நாள் சொன்னதால்தான், மகனை ஆஸ்பத்திரியில் துணைக்கு வைத்துவிட்டு அத்தை அன்று வேலைக்கே வந்திருந்தார்.

பள்ளியில் எங்களோடு முதல் குரூப் படித்த நீங்கள் எல்லோரும் அவளுக்காக ஒருநாள் ஒன்றுகூடப்போவதாகச் சொன்னீர்கள். நெருங்கிய தோழி என்பதால், அன்று வாசிக்க அவளைப் பற்றி என்னை எழுதித் தரச் சொன்னீர்கள். நெருங்கிய தோழிதான். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததிலிருந்து நான் அவள்மீது பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அதை மறைத்து எழுதினால் அது வேறு யாரோ ஒருத்திக்கு எழுதியதாகிவிடும்.

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு மூன்று வாரம் முன்னால் யோகாவுக்கு அம்மை போட்டது. அவள் வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்று அம்மா எச்சரித்திருந்தாள். நான் போனேன். வேப்பிலைப் படுக்கையில் அவள் தனியாகக் கிடந்தாள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சமூக அறிவியலை வாசித்துக் காட்டினேன். பரீட்சைக்குள் அவளுக்கு உதிர்ந்துவிட்டது, எனக்கு ஏறிவிட்டது. என்னைத் தனி அறையில் உட்கார வைத்தார்கள். கணக்குப் பரீட்சையன்று கண்ணைத் திறந்தாலே எரிந்தது. அவள் நானூற்று எழுபத்தெட்டு. நான் முந்நூற்று நாற்பது. "என் அம்மைய நீ வாங்கிட்டுப் போய்ட்டடி," என்று அவள் அழுதாள். நான் அழவில்லை. பத்தாவதுதானே, பன்னிரண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

இந்த மதிப்பெண்ணுக்கு முதல் குரூப் கிடைக்குமா என்று பயந்தபோது தலைமையாசிரியையிடம் எனக்காகப் பேசியதும் யோகாதான். "கவுசி இல்லன்னா நானும் தேர்ட் குரூப்பு போய்டுவேன் மிஸ்," என்று அவள் சொன்னது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும்.

பிறகு கொரோனா வந்தது. எங்கள் வீட்டில் அப்பா நெல் விற்று எனக்குப் போன் வாங்கித் தந்தார். அவள் வீட்டில் இருந்த ஒரே போன் அண்ணன் கையில். பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் பாதியை அவள் பார்த்ததேயில்லை. இடையில் பள்ளி திறந்திருந்த சில மாதங்களில் எழுதிய எல்லாத் தேர்விலும் கணக்கில் நான்தான் முதல். அவள் பாஸ் மார்க்கைத் தொட்டுவிட்டு வந்து, "பேஜாரா கீது கவுசி, ஒண்ணுமே ஏறல," என்பாள். அந்த மாதங்களில் நான் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன்.

பொதுத்தேர்வு ரத்து என்ற அறிவிப்பு வந்தபோது நீங்கள் பட்டாசு வெடித்தீர்கள். மதிப்பெண் போடும் முறை அதற்குப் பிறகுதான் தெரிந்தது. பத்தாம் வகுப்பில் அதிகம் எடுத்த மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து பாதி. மீதிதான் பதினொன்றும் பன்னிரண்டும். அந்தத் தனி அறையில் கண் எரிய எழுதிய விடைத்தாள் இரண்டு வருடம் கழித்து எழுந்து வந்து என் இன்ஜினியரிங் கட்-ஆஃபில் உட்கார்ந்துகொண்டது. அவள் கட்-ஆஃப் என்னுடையதைவிட முப்பது அதிகம். அமுதா அத்தை கம்பெனி பஸ்ஸில் எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்தார். அம்மா தன் பங்கைத் தின்னாமல் காகிதத்தில் சுற்றி எனக்குக் கொண்டுவந்தாள். அதை ஆட்டுக்குப் போட்டேன்.

இந்த மதிப்பெண் வேண்டாம் என்பவர்கள் தேர்வு எழுதலாம், ஆனால் அதில் வருவதுதான் இறுதி என்று அரசு சொல்லியிருந்தது. அதற்கான விண்ணப்பம் இரண்டை எடுத்துக்கொண்டு யோகா எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"எழுதுடி. நீ எழுதினா என்னத் தாண்டிப் போய்டுவ."

"இன்னொண்ணு யாருக்கு?"

"எனக்கு. நானும் எழுதறேன்."

"பைத்தியமா உனக்கு? உன் மார்க்கு கம்மியாயிடும்."

"ஆவட்டும். இப்ப வந்திருக்கறது என் மார்க்கான்னே எனக்குத் தெரியல கவுசி."

நான் மாட்டேன் என்றேன். பயம் என்று அவளிடம் சொன்னேன். உண்மை அதுவல்ல. எழுதி, மதிப்பெண் குறைந்துபோனால் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட எனக்கு என்ன நியாயம் மிச்சமிருக்கும்? எனக்கு அநியாயம் நடந்துவிட்டது என்ற எண்ணம் அதற்குள் எனக்குச் சுகமாகிவிட்டிருந்தது. அதை ஒரு பரீட்சையில் வைத்துப் பார்க்க நான் தயாராக இல்லை. நான் எழுதாததால் அவளும் எழுதவில்லை.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் அவளை முதல் சுற்றிலேயே கலந்தாய்வுக்கு அழைத்தார்கள். சென்னையில் அரசுக் கல்லூரி, எலக்ட்ரானிக்ஸ். என் முறை கடைசிச் சுற்றில் வந்தது. தெற்கே பெயர் கேள்விப்படாத ஊரில் ஒரு தனியார் கல்லூரிதான் திரையில் மிச்சமிருந்தது. "அவ்ளோ தூரம் பொண்ண அனுப்பறதுக்கு இல்ல," என்றார் அப்பா. ஆம்பூரில் பி.எஸ்சி. கணக்கில் சேர்ந்தேன். அவள் பெட்டியோடு ரயில் ஏறிய நாளில் வழியனுப்ப நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன்.

இரண்டு மாதத்தில் போன் வந்தது.

"கவுசி, இண்டக்ரேஷன்னா இன்னாடி? இங்க எல்லாருக்கும் தெரியுது, எனக்கு மட்டும் தெரியல."

எனக்கு ஏற்பட்ட ஆனந்தத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்றிலிருந்து தினமும் மாலையில் அவள் கணக்குகளைப் படம் எடுத்து அனுப்புவாள். நான் போட்டு, வரிக்கு வரி விளக்கம் எழுதி அனுப்புவேன். எனக்குக் கிடைக்காத படிப்பின் கணக்கை நான் போடுகிறேன், அது கிடைத்தவளுக்குப் போடத் தெரியவில்லை என்பதில் ஒரு ருசி இருந்தது. "நீ டீச்சரம்மா மாதிரி திட்டாம சொல்லித் தர்ற," என்று அவள் நன்றி சொல்வாள். மனதுக்குள் எவ்வளவு திட்டினேன் என்பது அவளுக்குத் தெரியாது.

முதல் செமஸ்டர் கணக்குப் பரீட்சைக்கு முந்தைய நாள் மாலை அவள் ஒன்பது முறை அழைத்தாள். போன் என் கையில்தான் இருந்தது. அன்று காலை அவள் ஹாஸ்டல் தோழிகளோடு கடற்கரையில் எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் வைத்திருந்தாள். அதைப் பார்த்தபடியே ஒன்பது அழைப்பையும் அடித்து ஓயவிட்டேன். அந்தப் பேப்பரில் அவளுக்கு அரியர் விழுந்தது. அடுத்த முறை என்னிடமே கேட்டுப் படித்து எழுதித் தேறினாள். ஏன் எடுக்கவில்லை என்று கேட்கவேயில்லை.

கடைசி வருடம் கேம்பஸ் இண்டர்வியூ வந்தது. அவள் ஆசைப்பட்ட பெரிய கம்பெனி, படிப்பு முழுவதிலும் ஒரு அரியர்கூட விழுந்திருக்கக் கூடாது என்று நிபந்தனை வைத்திருந்தது. தேறிய அரியரையும் அவர்கள் ஏற்கவில்லை. வேறொரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அதைச் சொல்ல ஊருக்கு வந்தவள், ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் என்னோடு டீ குடித்தாள். அப்போதுதான் சொன்னேன்.

"யோகா, அன்னைக்கு போன் என் கையிலதான் இருந்துச்சு."

"தெரியும்."

"எப்டி?"

"நான் கூப்ட்ட நேரத்துலதான் என் ஸ்டேட்டஸ நீ பாத்திருக்க. காட்டுச்சே."

அவள் என் டம்ளரையும் வாங்கிக் கடைக்காரரிடம் வைத்துவிட்டு வந்தாள். "என் அம்மையால உன் காலேஜ் போச்சு. உன் போனால என் கம்பெனி போச்சு. சரியாப் போச்சு, விடு. பஸ்ஸு வர்து பாரு," என்றாள்.

எனக்குச் சரியாகவில்லை. அதை அப்படி உதறிவிட்டு பஸ் ஏற அவளால் முடிந்ததே, அதன்மீதும் பொறாமைதான் வந்தது. சீட்டைவிடப் பெரிய பொறாமை அது.

அடக்கத்தன்று பிற்பகல் அவளுடன் படித்தவர்கள் சென்னையிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். நான் பார்த்தேயிராத ஒரு பெண் என்னைவிடச் சத்தமாக அழுதுகொண்டிருந்தாள். அப்போதும் எனக்கு எரிந்தது. பிறகு அவளே என்னைத் தேடி வந்தாள்.

"நீங்கதானே கவுசல்யா? எங்க ஹாஸ்டல்ல பாதிப் பேர் உங்க கையெழுத்துலதான் கணக்கு படிச்சோம். யோகா ஜெராக்ஸ் போட்டு எல்லாருக்கும் குடுத்தா. 'எங்க ஊர்ல ஒருத்தி இருக்கா, அவ இங்க வந்திருந்தா ஃபர்ஸ்ட் மார்க் அவதான்'னு சொல்லிக்கிட்டே இருப்பா."

நான் வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கும் கல்லருகே போய் நின்றேன். செய்தி கேட்டதிலிருந்து வராத அழுகை அங்கே வந்தது. துக்கத்தோடு கோபமும் அதில் இருந்தது. என் இடத்தில் அவள் இருந்திருந்தால் ஒன்பது முறையும் எடுத்திருப்பாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் ஒருநாளும் யாரிடமும் அவள் பெயரைச் சொல்லியிருக்க மாட்டேன். இது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும்.

அவளுடைய நல்ல குணங்களை நீங்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்வீர்கள், எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது அந்தப் பொறாமை மட்டும்தான். அதை நான் விடப்போவதில்லை. வேறு யார்மீதும் எனக்கு அது வந்ததில்லை. அவளைப் பிடித்துவிட வேண்டும் என்றுதான் இத்தனை வருடம் படித்தேன், இன்றைக்கும் வேலை முடிந்து வந்து எம்.எஸ்சி. நுழைவுத்தேர்வுக்குப் படிக்கிறேன். அவள் என்னைவிட ஏழு மாதம் மூத்தவள். வருகிற ஆவணியில் வயதில் அவளைத் தாண்டிவிடுவேன். கணக்கைத் தவிர வேறொன்றில் முதல் முறையாக அவளைத் தாண்டப்போகிறேன். அது எனக்கு வேண்டாம்.