கிடாவுக்குப் போட்டுப் பாத்தாச்சா?

சோப்பு விக்கிறவன் கை சுத்தமா இருக்கும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. என் கையைப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க. ஷாம்பு, சோப்புன்னு பையைத் தூக்கிக்கிட்டு, வண்டி சீட்டுச் சூட்டுல வெந்து, கடை கடையா ஏறி இறங்குற பாவப்பட்ட ஜீவன்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுதேன். கோவில்பட்டியில இருந்து மணியாச்சி, கயத்தாறு வரைக்கும் என் லைன். கம்பெனி புதுசு. பொங்கலுக்குள்ள சரக்கு ஓடலைன்னா வேற வேலை பாத்துக்கோங்கன்னு மேனேஜர் மொத நாளே சொல்லிட்டாரு. நாப்பத்தாறு வயசுல எவன் எனக்கு வேலை வச்சிருக்கான்? ரெண்டு பொம்பளைப் பிள்ளைக பள்ளிக்கூடம் போவுது.

முயல் படம்

எங்க கம்பெனிக்கு ஒரு பெருமை உண்டு. எந்தச் சரக்கையும் முயல், எலின்னு வாயில்லாச் சீவன் மேல போட்டுப் பாக்க மாட்டாங்க. ஒவ்வொரு பாக்கெட்டுலயும் துள்ளுற முயல் படம் போட்டு, ‘விலங்குகளில் சோதிக்கப்படவில்லை’ன்னு அச்சடிச்சிருக்கும். அதைக் காட்டினாலே ஜனங்க உருகிருவாங்கன்னு ட்ரெய்னிங்ல சொன்னாங்க.

கயத்தாறுல ஒரு பலசரக்குக் கடை. கடைக்கார அண்ணாச்சி கண்ணாடியை ஏத்திவிட்டு அந்த வரியை ரெண்டு தடவை படிச்சாரு. உருகுவாருன்னு நானும் காத்திருந்தேன். பாக்கெட்டை என் கையிலயே திருப்பிக் குடுத்தாரு. "ஒரு முயலுக்குக்கூடப் போட்டுப் பாக்காத சாமானை எங்க தலையில போடச் சொல்லுதீரே, நல்லாருக்கா வே?"

ஆறு சரம்

ரெண்டு மாசம் நாய் படாத பாடு பட்டேன். மூணாவது மாசம் ஒரு அதிசயம். கயத்தாறுல இருந்து உள்ள தள்ளி, உளுந்தும் பருத்தியும் போட்ட கரிசக்காட்டுக்கு நடுவுல ஒரு ஊரு. முப்பது வீடு, ஒரே கடை. அங்க வாரம் ஆறு சரம் ஷாம்பு பாக்கெட்டு போவுது! மேனேஜர் போன்லயே பாராட்டிட்டாரு. எனக்குத் தலைகால் புரியல.

ஆனா அந்த ஊர்ப் பொம்பளையாள்க தலையெல்லாம் பழையபடி எண்ணெய் வழியத்தான் இருந்துச்சு. கடைக்கு வந்த சண்முகத்தாய்ங்கிறவகிட்ட விசாரிச்சேன். நேரா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாவ. வேப்பமரத்தடியில ஒரு வெள்ளைக் கிடா, கல்யாணத்துக்குக் கிளம்பின மாப்பிள்ளை கணக்கா மினுமினுன்னு நிக்கி. பக்கத்து வீட்டுலயும் ஒண்ணு. அதுக்கு அடுத்த வீட்டுல ரெண்டு. ஊர் வழக்கமாம்: புதுசா எது வந்தாலும் மொதல்ல கிடாவுக்கு. ஒரு வெயிலும் ஒரு மழையும் சொறியாமத் தாங்கிட்டுன்னா, அப்புறம்தான் பிள்ளைகளுக்கு.

இது என்ன கூத்துன்னு நான் முழிச்சேன். சண்முகத்தாய் நிதானமாச் சொன்னாவ: "‘எது மேலயும் போட்டுப் பாக்கலை’ன்னு உங்க கம்பெனியே அச்சடிச்சிருக்கு. யாராச்சும் ஒருத்தர் பாக்கணும்லா அண்ணாச்சி?"

இலவச பாட்டில்

அடுத்த வாரம் கம்பெனியில இருந்து பாத்திரம் கழுவுற திரவம் வந்துச்சு. சண்முகத்தாய்க்கு ஒரு சாம்பிள் பாட்டில் குடுத்தேன். வழக்கம் தெரிஞ்சும் ஒரு வார்த்தை எச்சரிக்காமக் குடுத்தேன் பாருங்க, அது என் புத்தி. ஆறு சரம் கண்ணை மறைச்சிட்டு.

மறுநாள் காலையில போன். "பிள்ளைக சோறு திங்கிற தட்டாச்சேன்னு மொதல்ல கிடா மேல ஊத்தித் தேச்சேன். கண்ணுல போயிட்டு. ஓடி வாங்க"ன்னு அழுதாவ. போய்ப் பாத்தா, இடது கண்ணு வீங்கி மூடிக் கிடக்கு. அது கத்தக்கூட இல்ல. தலையைத் தூணுல தேச்சுக்கிட்டே நின்னுது. குடம் குடமா ஊத்திக் கழுவி, லோடு ஆட்டோவுல ஏத்தி, கோவில்பட்டி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி நெடுக அது தலை என் மடியில. எனக்கு அழுகை வந்துட்டு; மறைக்கவும் தோணல.

டாக்டர் கழுவி, மருந்து விட்டு, மூணு நாள்ல கண்ணு திறந்துரும்னாரு. அப்புறம் என் பையில இருந்த பாக்கெட்டை எடுத்து, முயலைப் பாத்தாரு, கிடாவைப் பாத்தாரு. "முயலைக் காப்பாத்திட்டீங்க, சந்தோஷம். இதுக்கும் ஒரு படம் போட்டுருங்க."

மேனேஜர் வருகை

ஆறு சரம் வாங்குற ஊரை நேர்ல பாக்கணும்னு சென்னையில இருந்து மேனேஜர் வந்து இறங்கினாரு. கிடாவுக்குக் கண்ணு திறந்து ரெண்டு நாள் ஆகியிருந்துச்சு. பேசாம இருந்தா வேலை தங்கும். எனக்குத்தான் நாக்கு நிக்கல. ஷாம்பு யாருக்குப் போவுது, கண்ணு எப்படி வீங்குச்சு, எல்லாத்தையும் வேப்பமரத்தடியிலயே வச்சுக் கொட்டிட்டேன்.

அவர் குனிஞ்சு கிடாவைப் பாத்தாரு. கிடாவும் அவரைப் பாத்துச்சு. நிமிந்து என்கிட்டச் சொன்னாரு: "ஆடு நம்ம கஸ்டமர் கிடையாது சார். பொங்கலுக்குள்ள மனுஷங்க வாங்கணும்."

இடது கை

பொங்கலுக்கு அஞ்சு வாரம் இருந்துச்சு. ராவெல்லாம் யோசிச்சுப் பாத்தேன். அந்த ஊர்க்காரங்க கேட்டதுல என்ன தப்பு? யாராச்சும் ஒருத்தர் பாக்கணும்தான். மறுநாள் கடை வாசல்ல எல்லாரையும் கூப்பிட்டு, சட்டைக்கையைச் சுருட்டி, ஷாம்புவை முழங்கையில தேச்சேன். அதுக்குக் கீழ சோப்பு, மணிக்கட்டுல திரவம். அடுத்த வாரம் வந்து கையைக் காட்டுதேன், அதுவரைக்கும் கிடாவைத் தொடாதீங்கன்னு கும்பிட்டுக் கேட்டுக்கிட்டேன்.

நாலு வாரம் இப்படியே தேச்சேன். வாராவாரம் கூட்டம் கூடி என் கையைத் திருப்பித் திருப்பிப் பாக்கும். திரவம் பட்ட இடம் கொப்புளிச்சிட்டு. அதை போட்டோ எடுத்து கம்பெனிக்கு அனுப்பினேன், அந்தத் திரவத்தையும் திருப்பி அனுப்பிட்டேன். ஷாம்பும் சோப்பும் பட்ட இடம் ஒண்ணும் ஆகாம அப்படியே இருந்துச்சு. பொங்கலுக்கு மூணு நாள் முன்னால சண்முகத்தாய் என் கையைப் பிடிச்சு, வெளிச்சத்துல வச்சுப் பாத்து, தன் மகளுக்குன்னு ரெண்டு சரம் வாங்கினாவ. பின்னாலயே ஊரும் வாங்கிச்சு. என் வேலை தங்கிட்டு. அந்தக் கிடா எங்களைப் பாக்காம வேலியில தழை கடிச்சுக்கிட்டு நின்னுது. அதைக் காட்டி சண்முகத்தாய் கேட்டாவ: "இதை மொத நாளே செஞ்சிருந்தா, அந்த வாயில்லாச் சீவன் ஏன் அண்ணாச்சி அழப்போவுது?"

ஆக, எங்க சரக்கு விலங்குகள் மேல சோதிக்கப்படலைங்கிறது இப்போ அந்த ஊர்ல நூத்துக்கு நூறு உண்மை. அதுக்கு அத்தாட்சி வேணும்கிறவங்க என் இடது மணிக்கட்டைப் பாத்துக்கலாம்.