சித்தி போட்ட சிவப்புக் கோடுகள்

என் சித்தப்பாவுக்கு நல்ல குரல். கூடவே இழுப்பும் இருந்தது. நெரவியிலிருந்து காரைக்கால் கடைவேலைக்குச் சைக்கிள் மிதித்துப் போய் வந்தாலே மூச்சு இரைக்கும். ஆனாலும் பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில் ஆண்டவர் பட்ட பாடுகளின் வரலாற்றைத் தான்தான் வாசிக்க வேண்டும் என்பார். முந்தின வருடம் பாதியில் மூச்சு முட்டி, மீதியை உபதேசியார் வாசித்து முடித்தார். அந்த அவமானத்தில் வெகுநாள் கடைசி வரிசையில்தான் நின்றார். இந்த முறையும் நின்றுபோனால் இனி வாசிக்கக் கேட்கவே மாட்டேன் என்று பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

புத்தகத்தில் அது பொடி எழுத்தில் பக்கம் பக்கமாகப் போகும். சித்தி அதைப் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் பெரிதாக எழுதினார். ஒரு மூச்சுக்கு ஒரு வரி. சில இடங்களில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. சோறு வடிக்கும்போதும் வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்தார். ஒரு கோட்டை அடித்துவிட்டு இரண்டு வரி மேலே போட்டார்.

"சிவப்பு வந்தா நின்னுடுங்க. மூச்சு உள்ள போனப்புறம் அடுத்த வரி. அவசரப்படாதீங்க."

"நான் என்ன ஒண்ணாங்கிளாஸா?" என்றார் சித்தப்பா. வாசித்துக் காட்டவும் மறுத்துவிட்டார். ஆனால் தாள்களை மட்டும் பத்திரமாகச் சுருட்டி எடுத்துக்கொண்டார்.

ஆண்டவர் சிலுவையில் உயிர்விடும் இடத்தில் வாசிப்பவர் நிறுத்துவார்; எல்லோரும் முழந்தாளிட்டு மௌனமாக இருப்போம். அதுதான் வழக்கம். நெடுநேரம் நின்று கால் கடுத்த கூட்டம் அந்த நிறுத்தத்துக்குத்தான் காதைத் தீட்டி வைத்திருக்கும்.

அன்று முதல் சிவப்புக் கோடு அதற்கு வெகு முன்பே, சேவல் கூவும் இடத்திலேயே வந்தது. சித்தப்பா நிறுத்தினார். முன்வரிசையில் யாரோ மண்டியிட, அவரைப் பார்த்துக் கோயிலே தடதடவென்று கீழே போனது, சாமியார் உட்பட. சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். எதிரே வெறும் தலைகள். ஆனாலும் அவசரப்படவில்லை. மூச்சு உள்ளே போனதும் வாசித்தார், எல்லோரும் எழுந்தார்கள். பிலாத்துவின் முன்னால் விசாரணை நடக்கும் இடத்தில் மறுபடியும் அதே கதை. சிரிப்பை அடக்க முடியாமல் நான் நெளிந்தேன். சித்தி என் தொடையில் கிள்ளினார். அவர் கண் சித்தப்பாவை விட்டு அகலவில்லை. சிலுவை நடும் கல்வாரி மலைக்குப் போய்ச் சேர்வதற்குள் எங்கள் முட்டிகள் கழன்றுபோயின. சித்தப்பா கடைசி வரியைக்கூடக் கணீரென்று வாசித்து முடித்தார்.

"எங்க முட்டியெல்லாம் பேத்துட்டீங்களே!" என்று வெளியே உபதேசியார் சிரித்தார். சித்தப்பா வீடு வரை சிரித்துக்கொண்டே வந்தார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

பெரிய எழுத்தில் எழுதியதால்தான் வாசிக்க முடிந்தது என்று நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். வீட்டில் ஒருமுறைகூட வாசித்துக் காட்டாத மனிதருக்கு எந்தச் சொல்லில் மூச்சு முடியும் என்று சித்திக்கு எப்படித் தெரிந்தது என்பதை நான் யோசிக்கவே இல்லை.