எட்டுப் பேர் உட்காரும் மேசை

கருப்பசாமியின் போன் வந்தபோது பாலவனத்தம் நிறுத்தத்தில் விருதுநகர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். "யக்கா, ஜெபராஜ் அண்ணாச்சி போயிட்டாக," என்றான். காலையில் பல் விளக்கப் போனவர் குழாயடியிலேயே சரிந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பஸ் வந்து நின்று, என்னை விட்டுவிட்டுப் போனது. சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறினேன்.

அருப்புக்கோட்டையில் அவர் நடத்திய டிராக்டர் ஏஜென்சியில் பதினோரு ஆண்டுகள் அலுவலகப் பொறுப்பில் இருந்தேன். கருப்பசாமி அங்கே மெக்கானிக். திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்தில் அவரிடம் வண்டி எடுக்காத ஊர் குறைவு. அதனால் அடக்கத்துக்கு வந்த கூட்டமும் பெரிது. அந்தக் கூட்டத்தில், மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய கார் பந்தய விவகாரம் பற்றி மறுபடியும் பேச்சு ஓடியது. அதில் ஒரு பகுதி பொய். அவருடைய பேரைக் கெடுக்கிற பொய். அவரை அறிந்தவர்களுக்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அடக்க ஆராதனையில் போதகர் அவரைத் தைரியசாலி என்றார். எனக்குத் தெரிந்த அண்ணாச்சி பயந்த மனிதர். டெலிவரிக்கு நிற்கும் டிராக்டரின் பிரேக்கை மெக்கானிக் பார்த்த பிறகு தானும் ஒருமுறை ஏறி மிதித்துப் பார்ப்பார். கம்பெனியிலிருந்து போன் வந்தால் எழுந்து நின்றுதான் பேசுவார். "அண்ணாச்சி, அவுகளுக்கு ஒங்களத் தெரியாது, உக்காந்தே பேசுங்க," என்று கருப்பசாமி கேலி செய்வான். "பயந்தவன் முறுக்குன நட்டுதாம்லே கழலாது," என்பார் அவர். அந்தப் பயம் எங்கள் எல்லோருக்கும் பழகியிருந்தது. அதை நம்பித்தான் நாங்கள் வேலை பார்த்தோம் என்றுகூடச் சொல்லலாம்.

அந்த ஆண்டு சென்னைக்கு அருகில் நடந்த பெரிய கார் பந்தயத்துக்கு எங்கள் கம்பெனி விளம்பரம் கொடுத்திருந்தது. டீலர்கள் தங்கள் முக்கிய வாடிக்கையாளர்களை அழைத்து வரலாம். எங்களுக்கு எட்டு இடம் கிடைத்தது. அண்ணாச்சி ஒருவர், வாடிக்கையாளர்கள் ஏழு பேர். எங்கே உட்காருவது என்பதை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கார்கள் டயர் மாற்ற வந்து நிற்கும் இடத்துக்கு நேர் மேலே, ஏ.சி. போட்ட கண்ணாடி அறையில், எட்டுப் பேர் உட்காரும் ஒரே வட்ட மேசை. மதிய விருந்தும் அங்கேயே. மற்றது, அதே அறையில் நாலு பேருக்கு ஒரு சின்ன மேசையும், பாதை வளையும் இடத்தில் கூரை போட்ட கேலரியில் நாலு இருக்கைகளும். கேலரிக்குச் சாப்பாடு பொட்டலமாக வரும். பெரிய வாடிக்கையாளர்களை மேலேயும் மற்றவர்களைக் கீழேயும் வைப்பதுதான் எல்லா ஊரிலும் வழக்கம் என்று ஏரியா மேனேஜர் போனில் சொல்லியிருந்தார். மறுநாள் மாலை நாலு மணிக்குள் பதிவு செய்தாக வேண்டும்.

அண்ணாச்சி கம்பெனி அனுப்பிய இருக்கை வரைபடத்தை அச்செடுக்கச் சொல்லி மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டார். கல்யாண மண்டபம் பார்க்கப் போனவர் போலக் கேள்விகள் கேட்டார். மேற்கு வெயில் எந்தப் பக்கம் அடிக்கும்? படி எத்தனை? லிஃப்ட் உண்டா? வாடிக்கையாளர்களில் பெரியவரான நரிக்குடி சுந்தரமூர்த்தி ஐயாவுக்கு முழங்கால் வலி. அதற்காகத்தான் அவ்வளவு கேள்விகளும். "கரிசக்காட்டு வெயில்ல நின்னவன ஏ.சி. ரூம்புல வச்சா மூக்கு ஒழுகாம இருக்கணும்," என்று சிரித்தார். அன்று அவருக்கு வேறு கவலை இல்லை.

மறுநாள் பதினோரு மணிக்குச் சுந்தரமூர்த்தி ஐயா கடைக்கு வந்தார். டீ குடித்தார். வரைபடத்தின் ஓரத்தில் நான் எழுதி வைத்திருந்த பெயர்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். ஐந்தாவது பெயர் முனியசாமி. இரண்டு அறுவடை இயந்திரங்கள் வைத்து, சீசனுக்குத் தஞ்சாவூர் வரை ஓட்டிக்கொண்டிருந்தவர். அவருடைய அப்பா சுந்தரமூர்த்தி ஐயாவின் வயலில் கூலிக்கு இருந்தவர்.

ஐயா குரலை உயர்த்தவே இல்லை. "முனியசாமி நல்ல பய. அவனக் கூட்டிட்டுப் போக வேண்டியதுதான். கீழ கேலரியில போடு ஜெபராஜு, கலகலப்பா இருப்பான். கண்ணாடி ரூம்புல அவனுக்கே கூச்சமா இருக்கும்." எழுந்தவர், வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். "ஒரே மேசையில தட்டு வச்சா ஊருக்குள்ள நான் என்ன பதில் சொல்ல? நாலு மணிக்கு மேல போன் போடுறேன்."

ஐயாவைப் பகைத்தால் என்ன போகும் என்பது அண்ணாச்சிக்கும் எனக்கும் தெரியும். அந்த ஆண்டு கம்பெனி கொடுத்த இலக்கில் பாதிக்கு மேல் ஐயாவும் அவருடைய உறவுக்காரர்களும் எடுக்கவிருந்த வண்டிகள். அவர் விலகினால் இலக்கு எட்டாது. இலக்கு எட்டாவிட்டால் ஏஜென்சி கையைவிட்டுப் போகும். பட்டறையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

அப்போது ஒரு யோசனை சொன்னேன். அதை இங்கே ஒளிக்காமல் எழுத வேண்டும். இரண்டாவது வழியைப் பதிவு செய்து, முனியசாமியைக் கீழே போடுவோம். யார் மேலே, யார் கீழே என்று சீட்டு குலுக்கிப் போட்டதாகச் சொல்லிவிடுவோம் என்றேன். யாருக்கும் மனத்தாங்கல் வராது. சொன்னதோடு நிற்காமல், ஏழு பெயர்களையும் துண்டுத் தாளில் எழுதி மடித்து அண்ணாச்சியின் மேசையில் வைத்தேன். யாராவது கேட்டால் காட்டுவதற்கு. அந்த நேரம் வேலைச் சீட்டில் கையெழுத்து வாங்க வந்த கருப்பசாமி மடித்த தாள்களைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, ஏலச் சீட்டா?" என்று கேட்டான். அண்ணாச்சி கையெழுத்தைப் போட்டு அவனை அனுப்பிவிட்டார். அவை என் வேலை என்று நான் சொல்லவில்லை.

மூன்றரை மணி வரை அவர் அந்தத் தாள்களைத் தொடவும் இல்லை, எடுத்துப் போடவும் இல்லை. பிறகு முனியசாமிக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். எங்கள் பக்கத்தில் எதைக் கேட்டாலும் முதலில் வேண்டாம் என்பதுதான் மரியாதை. சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை என்போம். அதை நம்பித்தான் அண்ணாச்சி கேட்டார் என்று நினைக்கிறேன். மேலேயும் இடம் இருக்கிறது, கீழேயும் இருக்கிறது, உங்களுக்கு எது சௌகரியம் என்றார். அவரே கீழே போதும் என்று சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும்.

"எனக்கு எங்கன்னாலும் சரிதான் அண்ணாச்சி," என்றார் முனியசாமி. அண்ணாச்சி மூச்சு விட்டார். அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து குரல் தொடர்ந்தது. "நீங்க எங்க உக்காருவீக? ஒங்க பக்கத்துல போட்டாப் போதும். அங்க வேற யார எனக்குத் தெரியும்?"

அவர் போனை வைத்தார். கடிகாரத்தில் இருபது நிமிடம் மிச்சம் இருந்தது. "எட்டுப் பேரு மேசையப் போடு வசந்தி," என்றார். நான் எதிர்த்துப் பேசினேன். பன்னிரண்டு குடும்பம் என்றேன். "தெரியும்மா. அதாம் பயமா இருக்கு," என்றார். நான் மவுஸை அவர் பக்கம் தள்ளி, நீங்களே பண்ணிக்கோங்க என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டேன். கம்ப்யூட்டர் பழகாதவர். ஒரு விரலால் தேடித் தேடி அழுத்தினார். உதவி செய்யாமல் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐயா கூப்பிடும் வரை அவர் காத்திருக்கவில்லை. தானே போன் போட்டு, எழுந்து நின்று பேசினார். "ஐயா, ஒரே மேசைதான் போட்டிருக்கேன். ஒங்க நாற்காலி அப்படியே இருக்கு. வாரதும் வராததும் ஒங்க விருப்பம்." அந்தப் பக்கத்தில் என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் சட்டையின் முதுகு மட்டும் நனைந்திருந்தது.

பந்தயத்தன்று பட்டியலும் அனுமதி அட்டைகளும் என் பொறுப்பு என்பதால் நானும் போயிருந்தேன். அண்ணாச்சியோடு சேர்த்து ஏழு பேர் வேனில் வந்தார்கள். ஐயா தனியாகத் தன் காரில் வந்தார். கண்ணாடி அறைக்குள் நுழைந்து மேசையைப் பார்த்தார், முனியசாமியைப் பார்த்தார், நேராகக் கண்ணாடிச் சுவரோரம் போய் நின்றுகொண்டார். இருந்த நேரம் முழுக்க நின்றார். வலி பொறுக்காமல் காலை மாற்றி மாற்றி ஊன்றினார். கீழே ஒரு கார் வந்து நின்றதும் நாலு டயரையும் கண் மூடித் திறப்பதற்குள் மாற்றி அனுப்பினார்கள். "நம்ம கருப்பசாமியா இருந்தா ரெண்டு டீ குடிச்சிருப்பான்," என்றார் முனியசாமி. மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். ஐயாவின் தோளும் ஒருமுறை குலுங்கியதாக எனக்குத் தோன்றியது. ஆனால் திரும்பவில்லை. அண்ணாச்சி ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் பின்னால் போட்டார். அவர் உட்காரவில்லை. பந்தயம் முடியுமுன் கிளம்பிவிட்டார்.

பயந்தது எல்லாம் நடந்தது. ஐயாவின் உறவுக்காரர்கள் விருதுநகரில் வண்டி எடுத்தார்கள். மறு ஆண்டு ஏஜென்சி போனது. அண்ணாச்சி அதே இடத்தில் பழுது பார்க்கும் பட்டறை மட்டும் வைத்துக்கொண்டார். பன்னிரண்டு பேரில் ஏழு பேரைத்தான் வைத்துக்கொள்ள முடிந்தது. மற்ற ஐவரின் வீட்டுக்கும் தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அப்போது ஒரு நாள் என்னிடம், "நான் செஞ்சது சரியா வசந்தி?" என்று கேட்டார். தெரியல அண்ணாச்சி என்றேன். "எனக்கும் தெரியல. அந்த நேரத்துல வேற எதுவும் மனசுக்கு ஒப்பல," என்றார்.

இதற்கிடையில்தான் அந்தப் பேச்சு கிளம்பியது. அண்ணாச்சி முதலில் பொய்ச் சீட்டுப் போட்டு முனியசாமியைக் கீழே தள்ளப் பார்த்தார். பிறகு பயந்துபோய் மாற்றிக்கொண்டார் என்று. தாள்கள் கிடந்தது அவர் மேசையில். கருப்பசாமி பார்த்ததைச் சொன்னான், கேட்டவர்கள் மீதியைச் சேர்த்துக்கொண்டார்கள். ஏன் மறுக்காமல் இருக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன். அவர் மறுத்தால் என் பேர் வெளியே வரும் என்று தெரிந்தேதான் கேட்டேன். "நீ பஸ்ஸுல போற பிள்ள, நாலு பேரு பேசுறது காதுல விழும். நான் பைக்குல போறவன். எஞ்சின் சத்தத்துல எனக்கு என்ன கேக்கப் போவுது?" என்றார். பேச்சு அதோடு முடிந்தது. விருதுநகரில் வேறு வேலை கிடைத்து நான் விலகினேன்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் முனியசாமி என்னிடம் வந்தார். "சீட்டு குலுக்குறதாச் சொல்லிரலாம்னு அண்ணாச்சிதான் சொன்னாகளாமே, நெசமாக்கா?" என்று கேட்டார். பக்கத்தில் யாரும் இல்லை. தெரியாது என்று சொல்லியிருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கும்.

"இல்ல. அது நான் சொன்னது," என்றேன்.

"மூணு வருசமா பட்டறைக்கு டிரைவரத்தான் அனுப்பிட்டு இருந்தேன். ஒரு நா நேர்ல போயி கேட்டுருவோம், கேட்டுருவோம்னு இருந்தேன்," என்றார். பிறகு பெட்டியை இறக்கும் இடத்துக்குப் போய்க் கயிற்றைப் பிடித்தார்.

ஏஜென்சி போனது அண்ணாச்சி தெரிந்தே எடுத்த முடிவால். யாரைத் தன் பக்கத்தில் உட்கார வைக்க அதை எடுத்தாரோ, அந்த மனிதர் அவரைவிட்டு விலகிப் போனது என்னால். டிரைவர் மட்டும் வந்து போவதை அவர் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார். எல்லாவற்றையும் இரண்டுமுறை பார்க்கிறவர். அப்படியும் என் பேரைச் சொல்லவில்லை. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த மூன்று ஆண்டு மௌனம். அதை இனியும் அனுபவித்துக்கொண்டிருக்க எனக்கு உரிமை இல்லை. சீட்டு குலுக்கியதாகச் சொல்லிவிடலாம் என்று சொன்னது ஜெபராஜ் அண்ணாச்சி அல்ல. வசந்தியாகிய நான்.