கண்டக்டர் வாயும் பல் டாக்டர் வழக்கும்

எங்கள் குடியிருப்பில் கண்டக்டருக்கு இருக்கும் பெரிய சொத்து அவர் குரல்தான். காலமெல்லாம் பஸ்ஸில் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்தி வளர்த்த குரல். ஆள் ஓய்வு பெற்றார், குரல் பெறவில்லை. பெண்டாட்டியிடம் அவர் ரகசியம் பேசினால் மேல்மாடியிலிருந்து நான் பதில் சொல்வேன். என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்கு வாய்ச்சண்டைக்கு இருக்கும் ஒரே ஆளும் அவர்தான்.

அந்தக் குரலுக்காகவே அவரைக் குடியிருப்புச் சங்கக் கமிட்டியில் போட்டோம். தலைவர் ஒரு பல் டாக்டர். நல்ல மனுஷர்தான், எதிர்த்துப் பேசினால் மட்டும் மூஞ்சி சுண்டிப் போகும். ஒரு கூட்டத்தில், "லிப்ட் சரியாயிடுச்சு" என்றார். கண்டக்டர் எழுந்தார்.

"பச்சைப் பொய்! நேத்துகூட அக்கா உள்ள மாட்டிக்கிட்டுக் கத்துனாங்க!"

அக்கா என்றது என்னைத்தான். மாட்டியதும் நிஜம், கத்தியதும் நிஜம்.

டாக்டர் மானநஷ்ட வழக்குப் போட்டுவிட்டார். மன்னிப்புக் கேட்டு, இனிமேல் கூட்டத்தில் தலைவரைப் பற்றி வாய் திறக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் வாபஸ் வாங்குவாராம்.

கண்டக்டர் பெண்டாட்டி தையல் மெஷினை நிறுத்திவிட்டு அழுதாள். "ஏங்க, ஒரு கையெழுத்துதானே? போட்டுத் தொலைங்க. நமக்கெதுக்குக் கோர்ட்டு?"

"அப்புறம் நான் எதுக்குடி கமிட்டியில? நாற்காலி தேய்க்கவா? வர்றவன் போறவனையெல்லாம் வாயைத் தொறக்கச் சொல்றவரு, என்னை மட்டும் மூடச் சொல்றாரு!"

அழுதவள் சிரித்துவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து அவர் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்ததை நானும் பார்த்தேன். பயம்தான். கையெழுத்து மட்டும் போடவில்லை.

கோர்ட்டில் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். டாக்டரின் வக்கீல் கேட்டார்.

"பச்சைப் பொய்னு இவர் சொன்னாரா, இல்லையா?"

"சொன்னாரு. அவர் முந்திக்கிட்டாரு, இல்லாட்டி நான் இன்னும் மோசமாச் சொல்லியிருப்பேன். நீங்க அந்த லிப்டுல ஒரு தடவை மாட்டிப் பாருங்க தம்பி, வாயில என்ன வருதுன்னு பாப்போம்."

நீதிபதி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். லிப்ட் பழுதாக இருந்தது உண்மை, கூட்டத்தில் அதைக் கேட்க உறுப்பினருக்கு உரிமை உண்டு, தலைவராக உட்கார்ந்தவர் நாலு பேச்சு கேட்கத்தான் வேண்டும் என்று சொல்லி வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

அடுத்த கூட்டத்தில் டாக்டர் பேச எழுந்ததும், "உக்காருய்யா!" என்று எல்லோரும் கத்தினார்கள். நானும்தான். கண்டக்டர் அதற்கு மேல் கத்தினார்.

"சும்மா இருங்க! அவர் பேசட்டும். என் வாய்க்கு மட்டுமா கோர்ட்டுப் படி ஏறினேன்?"

டாக்டர் பேசினார் பேசினார், லிப்ட் கம்பியில் தொடங்கித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் பேசினார். எனக்கு இடுப்பே கழன்றுவிட்டது.

"ஏன் தம்பி, இந்த மனுஷனை எதுக்குப் பேசவிட்ட?" என்றேன்.

"முடிக்கட்டும்க்கா," என்று கண்டக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டார். "அடுத்தது நான்தானே."