மேஸ்திரி போட்ட கார்டு

பொம்மிடி ஸ்டேஷனை விட்டு நாலு மைல் நடந்திருப்பேன். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கையில் ஒரு மூட்டை. அதில் ஒரு கம்பளி, ஓர் அலுமினியத் தட்டு, ஒரு சட்டை. மூன்றும் என்னுடையவை அல்ல. தங்கச் சுரங்கத்தில் போன வாரம் செத்துப்போனவனுடையவை. அவன் வீட்டைத் தேடித்தான் நடந்துகொண்டிருந்தேன். சுரங்க ஆபீஸ் ஒட்டிய பட்டியல்படி செத்துப்போனவன் நான்.

இதை விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டது. சுரங்கத்தில் இறங்குகிறவன் நம்பர் போட்ட பித்தளை வில்லையை வாசலில் காட்டிவிட்டு, கீழே இறக்குகிற கூண்டில் ஏற வேண்டும். புதிதாக வந்து, பெயர் பதியக் காத்துக் கிடக்கிறவர்கள் வேறொருவன் வில்லையை வாங்கிக்கொண்டு இறங்குவார்கள். கூலி ஆளுக்குப் பாதி. எல்லாரும் செய்துகொண்டிருந்ததுதான். அன்றைக்கு எனக்குச் சினிமாக் கொட்டகைக்குப் போக ஆசை. பக்கத்துப் பாயில் படுக்கிறவனிடம் என் வில்லையைக் கொடுத்தேன். படம் பாதியில் தரை ஆடியது. கீழே பாறை வெடித்தால் மேலே ஊர் அப்படித்தான் ஆடும். எல்லாரும் எழுந்து சுரங்க வாசலுக்கு ஓடினோம்.

சிலரை மேலே கொண்டுவந்தார்கள். மற்றவர்களை எடுக்க முடியாமல் அந்தப் பாதையையே சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். திரும்பி வராத வில்லைகளின் நம்பரைப் பார்த்துப் பெயர் எழுதி ஒட்டினார்கள். என் பெயர் மூன்றாவதாக இருந்தது.

போய்ச் சொன்னேன். குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உன் வில்லை எங்கே என்றார். பூமிக்குள் இருக்கிறது என்றேன். அப்படியானால் நீயும் அங்கேதான் இருக்கிறாய் என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நாங்கள் குடியிருந்த கொட்டகை வரிசையில் மூன்று நாள் அடுப்பு சரியாக எரியவில்லை. பெண்கள் வாசலுக்கு வாசல் போய் அழுதார்கள். எனக்கும் சேர்த்து அழுதார்கள். நான் எதிரே போய் நின்ற பிறகும் ஒருத்தி உடனே நிறுத்தவில்லை. என் வில்லையோடு இறங்கியவன் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவனுக்கென்று அழ அங்கே ஒருவரும் இல்லை. அதனால்தான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

மலையடிவாரத்து ஊர் அது. வீட்டை விசாரித்துப் போனால், வாசலிலேயே கோழிக் குழம்பு வாசனை. சுரங்கத்திலிருந்து வருகிறேன் என்றதும் அவன் அப்பா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அவரே ஒரு தபால் கார்டை எடுத்துக் காட்டினார். அவனைச் சுரங்கத்துக்குக் கூட்டிப்போன மேஸ்திரி இந்த ஊர்க்காரன்தான். பாறை வெடித்த செய்தி கேட்டுப் பயப்பட வேண்டாம், பட்டியலில் நம் ஊர்ப் பெயர் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தான். வில்லை கைமாறியதை விசாரிக்க அந்த ஆளுக்கு நேரமில்லை, கார்டு வாங்க மட்டும் நேரம் இருந்திருக்கிறது. அந்தக் கார்டுக்காகத்தான் சாமிக்குக் கோழி அறுத்திருந்தார்கள்.

ஜோலார்பேட்டையில் குடித்த காப்பிக்குப் பிறகு நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. தின்றுவிட்டுச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். இன்று நினைத்தாலும் என் மேல் எரிச்சல்தான் வருகிறது. பெரியவர் தானே களி போட்டு, தானே குழம்பு ஊற்றினார். பேச்செல்லாம் கிணற்றைப் பற்றி. தோண்டிக்கொண்டு போனபோது பாறை குறுக்கிட்டுவிட்டதாம். மகன் சுரங்கத்தில் பாறை உடைக்கப் பழகிக்கொண்டு ஆடிக்குள் வந்து உடைத்துவிடுவானாம். இரண்டாவது உருண்டையைப் போட்டபோது சொல்லிவிட்டேன். வில்லை, சினிமா, பட்டியல், எல்லாவற்றையும்.

அவர் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"ஏந்தம்பி, லிஸ்ட்டுல செத்தவன்னு எழுதியிருக்கறது உம் பேரு. நீ எம்முன்னால உக்காந்து களி திங்கற. லிஸ்ட்டுல பேரே இல்லாத எம் பையனுக்கு என்ன வந்துச்சு?"

பட்டியல் தப்பு என்றேன். தப்பான பட்டியலை வைத்துக்கொண்டு யாரையும் சாகடிக்காதே என்றார். அப்படியானால் கார்டும் அந்தப் பட்டியலைப் பார்த்து எழுதியதுதானே என்றேன். மேஸ்திரி பொய் எழுதமாட்டான் என்றார். எந்தப் பக்கம் போனாலும் மடக்கினார்.

கதவோரம் நின்ற மருமகளிடமிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. பெரியவர் திரும்பினார்.

"கார்டு வந்த வூட்ல ஒப்பாரி வெக்காத. எம் பையன் உசுரோட இருக்கறான்."

அவள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அக்கம்பக்கத்தார் நாலு பேர் வந்தார்கள். திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். ஒருவர் கார்டை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, இது கோழி வாசனை பிடித்து வந்த ஆளாக இருக்கும் என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் மூட்டையை அவிழ்த்துப் போட்டேன். அதற்கும் பதில் வைத்திருந்தார்கள். வேறு வேலைக்குப் போயிருப்பான், சாமானை விட்டுவிட்டுப் போயிருப்பான்.

பெரியவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன சமயத்தில் அவள் வந்து சட்டையை எடுத்தாள். பொத்தான் தைத்திருந்த நூலைத் தடவிப் பார்த்தாள். அவள் தைத்ததாக இருக்க வேண்டும்.

"கூண்டுல ஏறுனதப் பாத்தீங்களாண்ணா?"

படம் போடுவதற்கு நேரம் இருந்ததால் அவனோடு வாசல் வரை போனேன், ஏறியதைப் பார்த்தேன் என்றேன்.

"மேல வந்தவங்கள எல்லாம் பாத்தீங்களா?"

ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன் என்றேன். சட்டையை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"உடனே போயிராதீங்கண்ணா. மாமா நம்பற வரைக்கும் என்னை அழ வுடமாட்டாரு."

பக்கத்து ஊர் ஒன்றில் வேலை கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு மாட்டுக் கொட்டாயில் படுத்துவிட்டேன்.

விடிந்ததும் பெரியவர் எழுப்பினார். கையில் சம்மட்டியும் உளியும். மகன் வருகிற வரைக்கும் நீ கிணற்றுப் பாறையில் மருந்து வைக்க வெடிக்குழி அடி, சோறும் கூலியும் தருகிறேன் என்றார். இனிமேல் பூமிக்குள் கால் வைப்பதில்லை என்று ரயிலில் வரும்போதுதான் முடிவு செய்திருந்தேன். இவரிடம் அதைச் சொல்லி இன்னொரு வழக்கு நடத்தத் தெம்பில்லை. சரி என்றேன்.

கிணறு நாலாள் ஆழம்தான், இறங்கப் படி வெட்டியிருந்தார்கள். அதற்குப் போய் மாட்டுக் கயிற்றை என் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். எதற்கு என்று கேட்டேன். முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, மறு நுனியைத் தன் கையில் சுற்றிக்கொண்டு மேலே உட்கார்ந்தார். பத்து அடி அடிப்பதற்குள் கயிறு இழுபடும். இருக்கிறேன் என்று குரல் கொடுக்க வேண்டும். திரும்பப் பத்து அடி. சம்மட்டியைத் தூக்கி எறிந்துவிடலாம் போல இருந்தது.

"அங்க எத்தன ஆழம்?" என்று மேலிருந்து கேட்டார்.

"இந்தக் கெணறு மாதிரி எரநூறு, முந்நூறுங்க."

அதற்குப் பிறகு கயிறு இழுபடவில்லை. தளரவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் வீட்டுப் பக்கமிருந்து அவள் குரல் எழும்பியது. முதலில் மெதுவாக, பிறகு ஊர் கேட்கும்படி. நான் உளியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தேன். பெரியவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை, அவளை அதட்டவும் இல்லை.

"ஏன் நிறுத்திப்புட்ட, அடி" என்றார்.

உளியைத் திருப்பி வைத்து அடித்தேன்.