ரோசியின் ரத்தமும் ஒரு லாட் ஆன்டிபாடியும்

ரோசி போயிட்டா.

காலையில அவ மகன் போன் பண்ணி "ஆன்ட்டி, அம்மா..."ன்னு ஆரம்பிச்சான். ஹார்ட் அட்டாக்காம்.

மண்ணூர் ரோசி. 1991ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சின்ன கம்பெனி லேப்ல என்கூட வேலை பார்த்தவ. ஒரே வயசு, ஒரே நாள்ல சேர்ந்தோம், முதல் வாரமே சண்டை.

உடம்புல எங்கயாவது புண்ணோ வீக்கமோ இருந்தா ரத்தத்துல சி.ஆர்.பி.ன்னு ஒரு புரோட்டீன் ஏறும். கொரோனா வந்தப்புறம் எல்லாருக்கும் இந்தப் பேர் தெரியும். அதைக் கண்டுபிடிக்கிற ஆன்டிபாடியை நாங்க அப்பவே செஞ்சோம், ஆட்டு ரத்தத்துல இருந்து பிரிச்சு.

டெஸ்ட் சிம்பிள். ஆன்டிபாடி சேர்த்த வெள்ளைத் திரவம் ஒரு சொட்டு, ஆளோட ரத்தம் உறைஞ்சதும் மேல தெளிஞ்சு நிக்கிற சீரம் ஒரு சொட்டு, கண்ணாடியில கலந்து ஆட்டணும். நல்லா இருக்கிற ஆளுன்னா பால் மாதிரி அப்படியே நிக்கும். கோளாறு இருந்தா திரிஞ்சு போகும்.

ஒரே தடவையில செய்யிற சரக்குதான் ஒரு லாட். ஒவ்வொரு லாட்டையும் நல்லா இருக்கிற ஒரு ஆளோட ரத்தத்துல செக் பண்ணணும்; அதுலயே திரிஞ்சா லாட் கெட்டதுன்னு அர்த்தம். அந்த ஆள் எப்பவும் ரோசிதான். கல்லைத் தின்னாலும் செரிக்கிற உடம்பு.

நான்? ஊசியைப் பார்த்தாலே மயக்கம். ஆனா பாஸ், ரிஜெக்ட்னு கையெழுத்துப் போடுறது மட்டும் நான்!

ஒருநாள் புது லாட். ரோசி சீரத்துல திரிஞ்சிடுச்சு. மூணு தடவை போட்டேன், மூணு தடவையும் அதேதான்.

ரிஜெக்ட்னு எழுதிட்டேன். நாலு மாச வேலை... மேனேஜர் சிங்க்ல கொட்டச் சொல்லிட்டார்.

ரோசி பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டு தரவே இல்ல. "சரக்கு நல்லாத்தான் கீது. எனக்குத்தான் இன்னாவோ ஆயிடுச்சு. ரெண்டு நாளா வயிறு வலிக்குது, வாயுன்னு வுட்டுட்டேன்."

"நீ என்ன பெரிய டாக்டரா?"ன்னு கத்தினேன்.

"அப்போ உன் ரத்தத்தைப் போட்டுப் பாரு. நீட்டுடி கைய!"

நீட்டினேன். கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, அவ கும்பிடுற மாதாவையும் சேர்த்துக் கூப்பிட்டேன். அவதான் குத்தினா... ஒரே குத்து.

அரை மணி நேரத்துல சீரம் பிரிஞ்சுது. கண்ணாடியில போட்டு ஆட்டினா, பால் மாதிரி நின்னுச்சு.

"பார்த்தியா?"ன்னு சிரிச்சா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டேதான்.

சாயங்காலமே காஞ்சிபுரத்துல அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன். இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தா வெடிச்சிருக்கும்னு டாக்டர் சொன்னார். அவ என்னடான்னா ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டு "யாராச்சும் கொட்டிடப் போறாங்க, நீ ஓடு"ன்னு என்னைத் துரத்துறா.

மறுநாள் லாட்டை பாஸ் பண்ணேன். ஆனா "தப்பு என்மேலதான்"னு அவகிட்ட ஒரு தடவைகூடச் சொன்னதில்ல.

வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் கேக்கை நீட்டிக்கிட்டே கேப்பா, "இன்னாடி, இப்பவாவது ஒத்துக்கிறியா?"

"கேக் நல்லா இருக்கு"ன்னு பேச்சை மாத்திடுவேன். அவ்வளவு வீம்பு எனக்கு. அவளும் விட்டதில்ல, நானும் விட்டுக்கொடுத்ததில்ல. எங்கே போயிடப் போறா, அடுத்த வருஷம் சொல்லிக்கலாம்னு...

இப்போ மண்ணூருக்குத்தான் கிளம்பிக்கிட்டு இருக்கேன்.

ஒத்துக்கிறேன்டி, ரோசி. நீதான் கரெக்ட். போய் வா.