முடிச்சுப் போடாத தொப்பி

"அசையுதா?" என்று நான் மதினியிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். காலையில் கண் விழித்ததும் கேட்பேன். சாயா கொண்டுபோய்க் கொடுக்கும்போது கேட்பேன். அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தால் முகத்தைப் பார்க்காமல் வயிற்றைத்தான் பார்ப்பேன். அண்ணன் இறந்த பிறகு அவனுடையது என்று எங்கள் வீட்டில் மிச்சம் இருந்தது மதினி வயிற்றில் இருந்த பிள்ளை மட்டும்தான். அதுவும் போய்விடும் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றிவிட்டது.

அண்ணன் மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு குடோனில் வேலை பார்த்தான். மழை பெய்த ஒரு நாள் பைக்கில் இடக்கொச்சிக்குப் போனவன், ரோட்டில் சறுக்கி விழுந்து அங்கேயே போய்விட்டான். செய்தி சொன்ன போனை எடுத்தது நான். அதிலிருந்து யார் வீட்டில் போன் அடித்தாலும் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

எங்களில் கணவன் இறந்த பெண் வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கிற காலத்தை இத்தா என்பார்கள். மற்றப் பெண்களுக்கு அதற்கு நாள் கணக்கு உண்டு. வயிற்றில் பிள்ளை இருந்தால், பிள்ளை பிறக்கும்வரை. மதினி ஆஸ்பத்திரிக்கு மட்டும் போய்வருவாள், மற்றபடி உள் அறைதான். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள், வீட்டில் சும்மா இருந்தேன். "அவளைத் தனியா விட்டுடாத" என்று அம்மா சொல்லிவிட்டாள். அதனால் நானும் அந்த அறைக்குள்ளேயே கிடந்தேன்.

ஒரு நாள் மதினிக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏன்டி, நான் என்ன அலாரம் வச்ச கடிகாரமா? தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டே இருக்கே. நீ கேக்கக் கேக்க எனக்கில்ல பயம் வருது! கைக்கு ஏதாச்சும் வேலை குடு. வாய் தானா அடங்கும்."

அவள்தான் போனில் குரோஷே வீடியோ ஒன்றைத் தேடிக் காட்டினாள். சுள்ளிக்கல்லில் ஒரு ஃபேன்சி கடையில் ஊசியும் மஞ்சள் நூல் உருண்டையும் வாங்கி வந்தேன். ஊசி என்று பேர்தான், அது குத்தாது. முனையில் சின்னதாக ஒரு கொக்கி இருக்கும். அதில் நூலை மாட்டி இழுத்து, ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணியாகக் கோத்துக்கொண்டே போக வேண்டும். பார்த்தால் சுலபம். எனக்கு வரவில்லை. நூலை நான் இறுக்கிப் பிடித்ததில் அடுத்த வரிசைக்குக் கொக்கி உள்ளேயே நுழையவில்லை.

"அது என்ன ஓடியா போயிடும்? கொஞ்சம் விட்டுப் பிடி" என்றாள் மதினி.

விடத்தான் எனக்குப் பயம். சதுரமாகத் தொடங்கியது ஒவ்வொரு வரிசையிலும் ஓரக் கண்ணி விட்டுப்போய் முக்கோணமாக வந்தது. டம்ளருக்கு அடியில் வைக்கிற வட்டம் போட்டேன். அது தட்டையாக நிற்காமல் ஓரமெல்லாம் மேலே எழும்பிக் கிண்ணமாகிவிட்டது. மதினியைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சி அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்தா மோளே இது, பாலப்பமா? கடலைக்கறி ஊத்தினா தின்னலாம் போல இருக்கே!"

அண்ணன் போன பிறகு மதினி அன்றுதான் சிரித்தாள். சிரித்ததில் வயிறு குலுங்கியது. நான் அதற்கும் பயந்தேன்.

அந்தப் பாலப்பத்தைச் சேச்சி கேட்டு வாங்கிப் போய், அதில் வீட்டுச் சாவியைப் போட்டு வைத்தார். அப்படித்தான் கொடுப்பது தொடங்கியது. துக்கம் கேட்க வருகிற பெண்கள் அழுதுவிட்டுக் கிளம்பும்போது மதினி தலையணைக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பாள். கிளிப்பில் ஒட்டிய பூ, சாவியில் மாட்டுகிற குட்டி மீன், அந்த மாதிரி. வந்தவர்களுக்கு வாங்கிக்கொள்ளவும் கூச்சம், வேண்டாம் என்று சொல்லவும் கூச்சம்.

"நான்தான் வெளிய போக முடியாது. இதுங்களாச்சும் ஊரைச் சுத்திட்டு வரட்டும்" என்பாள்.

கொஞ்ச நாளில் ஜன்னல் வழியாகப் பார்த்தால் மதரஸாவுக்குப் போகிற பிள்ளைகளின் பையில் நான் பின்னிய மீன்கள் ஆடின. எனக்கு அது பிடித்திருந்தது. பின்னுகிற நேரத்தில் கண்ணி எண்ண வேண்டும் என்பதால் வேறு எதையும் நினைக்க முடியாது. நூல் தீர்ந்ததும் பயம் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு நாள் சேச்சி சாதாரணமாகச் சொன்னார். "ஊருக்கெல்லாம் பண்றியே, வரப்போற குஞ்ஞுக்கு ஒரு தொப்பி பண்ணு."

அடுக்களையிலிருந்து அம்மா கையில் கரண்டியோடு வந்து நின்றாள். "அந்தப் பேச்சே வேணாம்."

சேச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் போன பிறகு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். பிறக்காத பிள்ளைக்குப் புதுசாக எதுவும் வாங்கவும் கூடாது, செய்யவும் கூடாது. அண்ணனுக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு பெண் பிள்ளை உண்டாகி, ஆசைப்பட்டுச் சட்டையும் தொப்பியும் வாங்கி வைத்தார்களாம். அது உயிரில்லாமல் பிறந்ததாம். எனக்கு ஒரு அக்கா இருந்தாள் என்பதே அன்றுதான் தெரியும். அன்றைக்கு முழுக்க நான் ஊசியைத் தொடவில்லை.

ஆனால் மதினி விடவில்லை. அம்மா மீன் வாங்கப் போயிருந்த நேரம் பார்த்துக் கேட்டாள்.

"எனக்கு ஒரு தொப்பி வேணும்."

"உங்களுக்கா?"

"ஆமா, என் மண்டைக்குத்தான்! பேசாம போடுறியா இல்லையா?"

"அம்மா சொன்னாங்கல்ல மதினி. எனக்குப் பயமா இருக்கு."

"உங்க அண்ணனுக்கு நாம ஒண்ணும் பின்னி வைக்கலையே. அவங்க போகலையா?"

அவள் சொன்னது சரி என்று தோன்றியது. பயம் மட்டும் ஒரு இம்மி குறையவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு மாட்டேன் என்றும் சொல்ல முடியவில்லை. அம்மா வீட்டில் இல்லாத நேரங்களில் உச்சியிலிருந்து வட்டம் வட்டமாகப் பின்னினேன். ஒரு வரிசை ஏறும். அன்றைக்கு மதினி கால் வீங்கியிருக்கிறது என்று சொன்னால் அந்த வரிசையைப் பிரித்துவிடுவேன். குரோஷேயில் பிரிப்பது ரொம்ப லேசு. கொக்கியை உருவிவிட்டு நூலை இழுத்தால் பின்னியதெல்லாம் கையோடு வந்துவிடும். பிரிக்கும்போது வருகிற அந்தச் சின்னச் சத்தம் எனக்குப் பிடிக்காது, ஆனாலும் பிரிப்பேன். பிரித்துப் பிரித்து நூல் நெளிந்து போனது.

கடைசியில் எனக்கே ஒரு வழி தோன்றியது. தொப்பியை முழுதாகப் பின்னினேன், ஆனால் முடிக்கவில்லை. நூலை வெட்டி, கடைசிக் கண்ணிக்குள் விட்டு இழுத்தால்தான் முடிச்சு விழும். நான் வெட்டாமல், கடைசிக் கண்ணி அவிழாமல் இருக்க அதில் ஒரு சேஃப்டி பின்னைக் குத்தி, நூல் உருண்டையோடு அப்படியே வைத்தேன். முடிச்சுப் போடாதவரை அது தொப்பி இல்லை, வெறும் நூல்தானே. இப்படித்தான் நான் அல்லாவிடம் வாதாடினேன்.

"இதுக்குப் பேர் என்ன? பாதித் தொப்பியா?" என்று மதினி கேட்டாள்.

"மீதியைப் பிள்ளை வந்ததும் போடுறேன்."

அவள் உருண்டையைத் தொப்பிக்குள் திணித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

சொன்ன நாளுக்கு ரொம்ப முன்னாலேயே வலி வந்துவிட்டது. சமையல் பாதியில் கிடக்க, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். தொப்பியையும் நூல் உருண்டையையும் ஊசியையும் துப்பட்டாவுக்குள் சுருட்டி எடுத்துக்கொண்டேன், ஏன் எடுத்தேன் என்று தெரியாது. வராந்தாவில் நானும் அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் நான் எழுந்து நின்றேன். யாராவது வந்து சொல்லிவிடுவார்கள் என்றே காத்திருந்தேன்.

நர்ஸ் வெளியே வந்தார். "பெண்குட்டி. எடை ரொம்பக் கம்மி. உள்ளே சூட்டுல வைக்கணும். தொப்பி கொண்டுவந்தோ? தலை தணுத்துப் போகக்கூடாது."

அம்மா பையைத் திறந்தாள். அண்ணனின் பழைய கைலியைத் துவைத்துக் கிழித்த துண்டுகள் மட்டுமே இருந்தன. பிறந்த பிள்ளையை முதலில் அதில்தான் சுற்றுவோம். தொப்பி இல்லை, எப்படி இருக்கும்?

நான் துப்பட்டாவைப் பிரித்தேன். மஞ்சள் தொப்பியையும், அதில் குத்தியிருந்த பின்னையும், தொங்குகிற உருண்டையையும் அம்மா பார்த்தாள். அடிப்பாள் என்றுதான் நினைத்தேன்.

"இதை ஏன் முடிக்காம வச்சிருக்கே?"

"பயந்து போய்தான்மா."

அம்மா நூல் உருண்டையைத் தன் கையில் பிடித்துக்கொண்டாள். "முடி. சீக்கிரம் முடி."

பின்னை எடுத்தேன். அவசரத்தில் இரண்டு கண்ணி அவிழ்ந்து ஓடிவிட்டது. முடித்தால் ஏதாவது ஆகிவிடும் என்று அப்போதும் தோன்றியது. நர்ஸ் "வேகம், மோளே" என்றார். அவிழ்ந்த கண்ணிகளைக் கொக்கியில் பிடித்து மறுபடி போட்டேன். கத்திரி இல்லை. அம்மா குனிந்து பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். நான் முனையை உள்ளே விட்டு இழுத்தேன். முடிச்சு விழுந்தது. நர்ஸ் வாங்கிக்கொண்டு கதவை மூடிவிட்டார்.

பிள்ளையை நாங்கள் கையில் வாங்க நாளாயிற்று. அதுவரை கண்ணாடிக்கு வெளியே நின்று மஞ்சள் தெரிகிறதா என்று பார்ப்பேன். தொப்பி மிகப் பெரிசு. ஓரத்தை மடித்து மடித்துப் போட்டிருந்தார்கள், அப்படியும் புருவம்வரை இறங்கிக் கிடந்தது. மதினி கட்டிலில் படுத்தபடி கேட்டாள்.

"சரியா இருக்கா?"

"ரொம்ப லூசு மதினி. கண்ணை மறைக்குது."

"அதுக்கென்ன. வளருவா."

அவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள். நான் அவசரமாக "இன்ஷா அல்லா" என்று சேர்த்தேன்.

பிள்ளை இப்போது வீட்டில் இருக்கிறாள். தொப்பியின் ஒரு மடிப்பைப் பிரித்தாகிவிட்டது. நேற்று மதினி புது நூல் உருண்டை ஒன்றை என் மடியில் போட்டாள்.

"மழைக்காலம் வருது. இதைவிடப் பெரிசா ஒண்ணு போடு, அப்போ போட்டுக்குவா."

"இந்தத் தொப்பி பத்தாமப் போகட்டும் மதினி. அப்புறம் போடலாம்."

"உன்னைத் திருத்தவே முடியாதுடி" என்று சொல்லிவிட்டு அவள் பிள்ளையைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். நான் நூலைக் கீழே வைத்துவிட்டு வாங்கிக்கொண்டேன்.